ஓட முடியாத உயிரின் ஆயுதம்



நாய் துரத்தினால் ஆடு ஓடித் தப்புகிறது. பருந்து வட்டமிட்டால் கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்கிக்கொள்கிறது. மனித உடலுக்குள் நோய்க்கிருமி புகுந்தால் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் விரைந்து சென்று அதனுடன் போரிடுகின்றன. ஆனால், ஒரு செடியின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதற்குக் கால்கள் இல்லை, ஓட முடியாது. இரத்தம் இல்லை, கிருமியைத் தேடிச் செல்லும் வெள்ளையணுக்களும் இல்லை. முளைத்த இடத்திலேயே நின்றுகொண்டு, மண்ணிலும் நீரிலும் காற்றிலும் நிறைந்துள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களை அது எதிர்கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் நாம் காணும் செடிகொடிகளில் பெரும்பாலானவை நோயின்றிப் பசுமையாக நிற்கின்றனவே, அது எவ்வாறு?

தடித்த தோலும் மெழுகுப் பூச்சும் ஓரளவு காப்பு அளிக்கின்றன. அவற்றையும் கடந்து வரும் பகைவனுக்காகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இரசாயனம். இந்த ஆயுதம் இருவகைப்படும். பகைவன் வருமுன்பே ஆயத்தமாக வைத்திருப்பது ஒன்று. வந்த பின்னர் உடனுக்குடன் தயாரித்துக்கொள்வது மற்றொன்று.

முதல் வகைக்குச் சான்று தேடி நீங்கள் வெளியே செல்ல வேண்டியதில்லை. அடுக்களைக்குள் நுழைந்தாலே போதும். நிறமுள்ள வெங்காயத்தின் உலர்ந்த மேல்தோலைப் பாருங்கள். உரித்து எறியும் சருகுதானே என்று நாம் கருதுகிறோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜே.சி. வாக்கர் என்னும் தாவர நோய் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1920களில் இதனை ஆராய்ந்தனர். வெங்காயத்தில் கரும்புள்ளிகளை உண்டாக்கும் ஒரு பூஞ்சணம் வெள்ளை வெங்காயத்தைத் தாக்கியது. நிறமுள்ள வெங்காயத்தைத் தாக்க இயலாமல் திணறியது. நிறமுள்ள தோலிலிருந்து கசிந்த இரு பொருள்களே அதன் வித்துகளை முளைக்கவிடாமல் தடுத்தன என்பது பின்னர் தெளிவாயிற்று. வீட்டுச் சுவருக்கு வெளியே நிற்கும் காவலாளியைப் போன்றது அந்தச் சருகு.

பூண்டின் ஏற்பாடு இதனினும் நுட்பமானது. நோன்புக் கஞ்சிக்காக நம் பெண்கள் பூண்டு உரிக்கும்போது கவனித்திருப்பார்கள்: முழுப் பல்லுக்கு அவ்வளவாக நெடி இல்லை, நசுக்கியதும்தான் குப்பென்று எழுகிறது. காரணம் என்ன? பூண்டினுள்ளே அல்லீன் என்னும் பொருள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்னும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. பல் காயப்படும்போது தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. அது பாக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் ஒடுக்கவல்லது. 1944ஆம் ஆண்டில் காவலிட்டோ, பெய்லி என்னும் இரு விஞ்ஞானிகள் அதனைப் பிரித்தெடுத்தனர். வெடிமருந்தையும் நெருப்பையும் ஒரே பெட்டியில் வைக்கலாகாது என்னும் எச்சரிக்கை அந்தச் சிறு பல்லுக்குள்ளேயே அமைந்திருக்கிறது!

இனி இரண்டாம் வகை. இதனை உலகிற்கு உணர்த்தியது உருளைக்கிழங்கு. 1845இல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் பற்றியது. ஏழைகளுக்கு அக்கிழங்கே உணவு. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏற்பட்ட பஞ்சத்தாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர். பூஞ்சணத்தைப் போன்ற ஒரு நுண்ணுயிரே இந்நோய்க்குக் காரணம்.

ஜெர்மானிய அறிஞர்களான முல்லரும் போர்கரும் இதே நுண்ணுயிரைக் கொண்டு ஒரு சோதனை செய்து 1940இல் வெளியிட்டனர். வெட்டிய கிழங்கின் மீது, அந்தக் கிழங்கிற்கு நோயுண்டாக்க இயலாத ஒரு பிரிவை முதலில் இட்டனர். பின்னர் அதே இடத்தில், நோயுண்டாக்கும் கொடிய பிரிவை இட்டனர். என்ன வியப்பு! கொடிய பிரிவும் அங்கே வளர முடியாமல் தடைப்பட்டது. முதலில் வந்த பகைவனைக் கண்டதும் கிழங்கு ஏதோ ஒரு தடைப்பொருளை அவ்விடத்தில் உண்டாக்கியிருக்க வேண்டும் என அவர்கள் முடிவு செய்தனர். அதற்குப் ‘பைட்டோஅலெக்ஸின்’ எனப் பெயரிட்டனர். ‘தாவரக் காப்புப் பொருள்’ என்று நாம் தமிழில் கூறலாம்.

கருத்து பிறந்தது, பொருளைக் கையில் எடுத்துக் காட்ட மேலும் 20 ஆண்டுகள் ஆயின. ஆஸ்திரேலியாவில் குரூக்ஷேங்க், பெரின் என்னும் இருவர் விதை நீக்கிய பட்டாணிக் காயின் உட்குழிவில் பூஞ்சண வித்துகள் கலந்த நீர்த்துளிகளை இட்டனர். காய் அத்துளிகளுக்குள் சுரந்த பொருளை 1960இல் பிரித்தெடுத்துப் பிசாட்டின் என்று பெயர் சூட்டினர். அதன் பின்னர் திராட்சை, சோளம், அவரை எனப் பல பயிர்களிலும் இத்தகைய பொருள்கள் கண்டறியப்பட்டன.

இங்கே ஒரு கேள்வி எழலாம். இவ்வளவு ஆயுதம் இருந்தும் பயிர்கள் ஏன் நோயுறுகின்றன? வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் வேகமே தீர்மானிக்கிறது. பகைவனை விரைவில் அடையாளம் கண்டு, தாக்குண்ட இடத்தில் போதிய அளவு மருந்தைக் குவிக்கும் செடி பிழைக்கிறது. தாமதிக்கும் செடி வீழ்கிறது. மேலும், பகைவனும் சும்மா இருப்பதில்லை. பட்டாணியைத் தாக்கும் சில பூஞ்சணங்கள் பிசாட்டினையே சிதைக்கும் நொதியைப் பெற்றுள்ளன.

வாசகர்களே! இதுவரை கூறியது செடியின் கதை. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. இந்த ஆயுதங்கள் செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரித்தவை; நம் நலனைக் கருதித் தயாரித்தவை அல்ல.

சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பற்றிக் கறுத்த கிழங்கு கசப்பதை அறிவீர்கள். அழுகியதால் வந்த கசப்பு என்று நினைக்கிறோம். உண்மையில், பூஞ்சணத்தை எதிர்க்கக் கிழங்கு உண்டாக்கிய இப்போமியாமரோன் என்னும் பொருளின் கசப்பு அது. அது ஈரலுக்குத் தீங்கானது. சில பூஞ்சணங்களோ, கிழங்கு தயாரித்த பொருளை மேலும் மாற்றி நுரையீரலைத் தாக்கும் நஞ்சாக்கிவிடுகின்றன. பூஞ்சணம் பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் மூச்சுத் திணறி மடிந்த நிகழ்ச்சிகள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பதிவாகியுள்ளன. வேகவைப்பதால் இந்நஞ்சு முற்றிலும் அகன்றுவிடும் என்று நம்புவதற்கில்லை.

உருளைக்கிழங்கிலும் இவ்வாறே. வெளிச்சம் பட்டுத் தோல் பச்சை நிறமடைந்த கிழங்கிலும், முளைகளிலும் சோலனைன் முதலிய காப்பு நஞ்சுகள் மிகுந்திருக்கும். கொதிக்கும் நீர் அவற்றை அழிப்பதில்லை.

ஆகவே, கறுத்துக் கசக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடாதீர்கள். ‘வீணாகிறதே’ என்று கொல்லையில் கட்டியுள்ள ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். நன்றாகப் பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். மற்றவற்றை இருளான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பூண்டு கிருமியை ஒடுக்கும் என்பதற்காக, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுப் பூண்டை நாடவும் வேண்டாம். தட்டில் வைத்த கிருமியை ஒடுக்குவது வேறு. மனித உடலில் நோயைத் தீர்ப்பது வேறு.

‘இயற்கையானது; ஆகவே தீங்கற்றது’ என்று கூறி ஒரு பொடியையோ சாற்றையோ எவரேனும் உங்களிடம் நீட்டினால், அந்தக் கறுத்த கிழங்கை நினைவில் கொள்ளுங்கள். அதன் நஞ்சும் இயற்கையானதே. எந்தப் பொருள், எந்த அளவு, எவருக்கு என்று விசாரித்த பின்னரே கையை நீட்டுவோமாக.