வடிகாலும் நமது வாசற்படியும்

 

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. நமது மதரஸா அமைந்துள்ள தெருவில் மழைநீர் வடிகால் இன்றளவும் கட்டப்படவில்லை. கடந்த ஆண்டு மழையில், கணுக்கால் அளவு தேங்கி நின்ற கழிவுநீரில் நடந்துதான் பிள்ளைகள் மாலை மக்தபுக்கு வந்தனர். வீட்டில் ஒளுச் செய்து புறப்பட்ட பிள்ளை, மதரஸா வாசலில் மீண்டும் கால் கழுவ வேண்டிய நிலை. நீருக்குள் மறைந்திருந்த குழியில் விழுந்து ஒரு சிறுவனுக்குக் கை முறிந்தது. மாவுக்கட்டுடனேயே அவன் பல வாரங்கள் ஓத வந்ததை நம் தெருவாசிகள் அறிவார்கள்.

சென்ற ஜும்ஆவிற்குப் பின் நடந்த ஜமாஅத் கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. "பேரூராட்சியை நம்பிப் பயனில்லை. வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்களிடம் வசூல் செய்து நாமே வடிகாலைக் கட்டிக்கொள்வோம்" என்பதே அது. கூடியிருந்தோரில் பெரும்பாலோர் அதனை வரவேற்றனர். நல்லெண்ணத்தில் எழுந்த யோசனை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதை ஏற்பதற்கில்லை என்பதே நமது கருத்து. அதற்கான காரணங்களை இங்கு எழுதுகிறோம். நமது தரப்பில் உள்ள குறையையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நாம் கேட்ட விதம்

"எத்தனை முறை சொல்லியும் செய்யவில்லை" என்பது நமதூரில் அடிக்கடி கேட்கும் சொல். எத்தனை முறை, யாரிடம், எவ்வாறு சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கிறது. வார்டு உறுப்பினரைப் பள்ளிவாசல் திண்ணையில் கண்டபோது வாய்மொழியாகச் சொன்னோம். தண்ணீர் தேங்கிய படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுமங்களில் பரப்பினோம். யாரோ ஒரு சகோதரர் காரசாரமாக ஒலிப்பதிவு செய்து அனுப்ப, அதை நூறு பேர் கேட்டு நூறு பேருக்கு அனுப்பினர். மழை நின்றது, தண்ணீர் வற்றியது, பேச்சும் வற்றியது.

இரண்டாவது ஆண்டில் மனு எழுதினோம். அதை அலுவலக மேசையில் வைத்துவிட்டு வந்தோமே தவிர, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கவில்லை. சில மாதங்களில் அங்கிருந்த எழுத்தர் மாறுதலாகிச் சென்றார். புதிதாக வந்தவரிடம் கேட்டபோது, அப்படியொரு மனு கோப்பில் இல்லை என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் ஏதும் இல்லை.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் அல்லாஹ் கட்டளையிடும் அல்பகறாவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்று பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்துகிறோம். இரண்டு நபர்களுக்கிடையிலான கடனுக்கே இத்தனை கவனம் என்றால், ஒரு தெருவின் உரிமையை எழுத்தில்லாமல் கேட்டுவிட்டு வந்தது நமது பிழையன்றி வேறென்ன?

தகவல் வந்தது

மூன்றாவது முறை, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் விண்ணப்பித்தோம். அதற்குக் கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். காரணம் எதையும் சொல்லத் தேவையில்லை. பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ, நிறைவளிக்காவிட்டாலோ அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. நாம் கேட்டவை மூன்று: நமது தெரு வடிகாலுக்கு மன்றத் தீர்மானம் உண்டா, மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, பணி ஏன் நடைபெறவில்லை?

பதில் உரிய காலத்தில் வந்தது. அதைப் படித்தபோது நாம் வாயடைத்துப் போனோம்.

தீர்மானம் ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டிருந்தது. மதிப்பீடும் தயாராகி, ஒப்பந்தப்புள்ளியும் கோரப்பட்டிருந்தது. பணி தொடங்க வந்த ஒப்பந்ததாரர் திரும்பிச் சென்றிருக்கிறார். பொறியாளரின் குறிப்பு இவ்வளவுதான்: தெருவின் இருபுறமும் வடிகால் அமைய வேண்டிய இடத்தில் பதினொரு கட்டடங்களின் படிகளும் சாய்தளங்களும் உள்ளன, அவை அகற்றப்பட்டாலன்றிப் பணி செய்ய இயலாது.

அந்தப் பதினொன்றில் ஒன்று நமது மதரஸாவின் வாசற்படி.

ஆம், சகோதரர்களே. நாம் தினமும் ஏறி இறங்கும் அந்த மூன்று படிகள் தெருவின் நிலத்தில் நிற்கின்றன. பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்னும் கருத்துள்ள நபிமொழியை, அந்தப் படிகளில் ஏறி உள்ளே சென்றுதான் நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். தெரு தனியொருவருக்குச் சொந்தமானதல்ல என்பதால், அதிலிருந்து எடுத்துக்கொண்டது குறித்து ஊரார் அனைவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆகிறோம்.

இவ்விடத்தில் அலுவலகத்தின் பிழையையும் சொல்லியாக வேண்டும். தடை இன்னது என்று தெரிந்தபின், அந்தப் பதினொரு கட்டட உரிமையாளர்களுக்கும் முறையான அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. தெருவாசிகளை அழைத்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. கோப்பு அலமாரிக்குச் சென்றது. வாக்குகள் போய்விடும் என்னும் அச்சத்தில் உறுப்பினரும், வம்பு வேண்டாமென்று அலுவலரும் மௌனமாக இருந்திருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம். அந்த மௌனத்தின் விலையை ஒரு சிறுவனின் கை கொடுத்தது.

நாமே ஏன் கட்டக் கூடாது?

இனி, வசூல் யோசனைக்கு வருவோம்.

முதலாவது காரணம், தண்ணீர் போகும் இடம். வடிகால் என்பது தெருவோரம் பள்ளம் தோண்டிச் சிமெண்ட் பூசுவது மட்டுமன்று. எந்த மட்டத்தில் தொடங்கி எந்த மட்டத்தில் முடிகிறது, இறுதியில் நீர் எந்த வாய்க்காலில் சேருகிறது என்பதே அதன் உயிர். நமது தெரு மேட்டில் இருக்கிறது. கிழக்கே தாழ்வான இடத்தில் மீனவச் சகோதரர்களின் குடியிருப்பு உள்ளது. நாம் பணம் திரட்டி நமது தெரு முனையோடு வடிகாலை முடித்தால், இன்று நம் வாசலில் நிற்கும் கழிவுநீர் நாளை அவர்களின் அடுப்படியில் நிற்கும். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்ப அவர்களுக்கு ஆள் இல்லை. தனது தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமின்றி இராதவரையில் ஒருவர் உண்மையான இறைநம்பிக்கையாளர் அல்லர் என்னும் பொருள்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அந்த அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஊர் முழுவதையும் ஒரே வரைபடத்தில் பார்த்து நீரின் போக்கைத் தீர்மானிக்கும் பொறுப்பும் அதிகாரமும் உள்ளாட்சிக்கே உண்டு.

இரண்டாவது காரணம், கடமை யாருடையது என்பது. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. சாலைகள், குடிநீர், பொதுச் சுகாதாரம், துப்புரவு, தெருவிளக்கு, அடக்கத்தலங்கள் எல்லாம் அதில் அடங்கும். இதற்காகவே சொத்துவரி செலுத்துகிறோம். இதற்காகவே நிதிக் குழு மானியங்கள் வருகின்றன. வரியும் கொடுத்து, வேலையையும் நாமே செய்துகொண்டால், அந்த நிதி எங்கே சென்றது என்று கேட்கும் நாவை நாமே கட்டிக்கொள்கிறோம். பணமுள்ள தெருக்கள் தாமே கட்டிக்கொள்ளும்; பணமற்ற தெருக்களுக்காகக் குரல் கொடுக்க ஊரில் ஆளிருக்காது.

மூன்றாவது காரணம், நமது நிதியின் நோக்கம். ஸகாத் எவருக்குரியது என்பதைத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. ஸதகாவாகத் திரட்டலாம் என்பது உண்மையே. ஆனால் நமது பைத்துல்மாலின் வாசலில் மருத்துவச் செலவுக்கும், படிப்புச் செலவுக்கும், கணவரை இழந்த பெண்களின் குடும்பச் செலவுக்கும் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கிறது. அவர்களுக்கு வேறு நாதியில்லை. வடிகாலுக்கோ சட்டப்படி பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருக்கிறது.

பொதுமக்கள் பங்களிப்புடன் பணி செய்வதற்கென்றே அரசின் "நமக்கு நாமே" திட்டம் உள்ளது. வெளிநாட்டுச் சகோதரர்கள் உதவ விரும்பினால் அந்த வழியில் உதவட்டும். அப்போது மதிப்பீடும் தரச் சோதனையும் கணக்கும் அரசுப் பதிவில் இருக்கும். பின்னாளில் பராமரிப்பும் உள்ளாட்சியின் பொறுப்பிலேயே இருக்கும்.

"இலஞ்சம் கொடுத்தால் நடக்கும்"

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்ன சொல்லையும் இங்கே எழுதத்தான் வேண்டும். "ஏதாவது கவனித்தால் கோப்பு நகரும்" என்றார் அவர். ஸகாத் திரட்ட அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் பெற்றோரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. வாங்குபவரோடு கொடுப்பவரும் சபிக்கப்பட்டவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மேலும், நகர்த்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கோப்பு நின்றது நமது படிகளால்.

இனி என்ன செய்வது?

நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடக்கும் வரை ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். அக்காலத்தில் கேட்க உறுப்பினர் இல்லை என்று குறைப்பட்டோம். தேர்தலுக்குப் பின்னர் உறுப்பினர்கள் வந்தார்கள். ஆயினும் மன்றக் கூட்டத்தில் நமது தெருவைப் பற்றி என்ன பேசப்பட்டது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? வரி நிலுவை எத்தனை வீடுகளில் உள்ளது என்றாவது பார்த்தோமா? பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுவாசிகளின் வீடுகளுக்குப் பல ஆண்டுகளாக வரி கட்டப்படாதிருப்பது நமக்குத் தெரிந்ததே.

ஆகவே நமது பரிந்துரைகள் இவை:

ஒன்று, மதரஸாவின் மூன்று படிகளையும் நாமே முதலில் இடிப்போம். நிர்வாகக் குழுவில் இதனைப் பேசி ஒப்புதல் பெற்றுவிட்டோம். வரும் ஞாயிறு காலை ஃபஜ்ருக்குப் பின் வேலை தொடங்கும். படிகளைச் சுவருக்கு உள்பக்கமாக அமைத்துக்கொள்வோம். வாசல் சற்றுக் குறுகும், அவ்வளவே.

இரண்டு, ஏனைய பத்து வீட்டாரிடமும் ஜமாஅத் பெரியவர்கள் நேரில் சென்று பேச வேண்டும். அதிகாரியின் அறிவிப்பு வந்தபின் இடிப்பதைவிட, அண்டை வீட்டார் கேட்டு அகற்றுவது கண்ணியமானது. அவர்களில் இருவர் வசதி குறைந்தவர்கள். அவர்களுக்குப் புதிய படி கட்டித் தரும் செலவை வேண்டுமானால் வசூல் செய்வோம். அது முறையான உதவி.

மூன்று, தடைகள் அகற்றப்பட்டன என்பதைப் படங்களுடன், கீழ்த்தெரு மக்களின் கையொப்பத்தையும் சேர்த்து, செயல் அலுவலரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். நகல் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திற்கும் செல்லட்டும்.

நான்கு, பணி தொடங்கியதும் மதிப்பீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வை செய்ய மூவரை நியமிப்போம். பணியைப் பார்வையிடவும், பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் அதே தகவல் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஒப்பந்ததாரரோடு சண்டையிட வேண்டியதில்லை. யாரோ அளந்து பார்க்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருந்தாலே போதுமானது.

அலுவலகத்தில் உள்ளோருக்கும் ஒரு வேண்டுகோள். மனுவை வாங்கினால் ஒப்புகை கொடுங்கள். முடியாதென்றால் ஏன் முடியாது என்பதை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். எங்கள் படிகள்தாம் தடை என்று ஓராண்டிற்கு முன் சொல்லியிருந்தால், கோபப்பட்டிருப்போம். ஆனால் சென்ற மழைக்கு முன்பே இடித்திருப்போம்.

பாதையிலிருந்து இடையூறு தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஞாயிறன்று அவர்களையும் அழைத்திருக்கிறோம். உடைந்த கற்களை அள்ளிப்போடும் வேலை அவர்களுக்கு உண்டு. வாய்ப்புள்ள சகோதரர்கள் கடப்பாரையுடன் வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நமது பிழைகளைப் பொறுத்து, நம் வீட்டு நீர் பிறர் வீட்டை நனைக்காத வகையில் வாழ நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.