நாற்பது சதவீதம் எங்கே போகிறது?

நிரந்தர வேலை கோழைகளின் புகலிடம் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐ.டி. துறையில் பத்து வருடம் குப்பை கொட்டியவர்கள் உடனே பேப்பர் போட்டுவிட்டு கான்ட்ராக்டுக்கு வந்துவிட வேண்டுமாம். வருமானம் நாற்பது சதவீதம் கூடுமாம். மூன்று பக்கக் கட்டுரையில் கணக்கு என்று இருப்பது இந்த ஒரு வரிதான். அதையும் பாதியில் விட்டுவிட்டார்.

மீதியை நாம் போடுவோம். ஓ.எம்.ஆரில் மாதம் 1 லட்சம் சம்பளம் வாங்குகிறவர், அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வையுங்கள். முழு அடிப்படைக்கும் பி.எஃப். கட்டுகிற கம்பெனியானால், நிர்வாகத்தின் 12 சதவீதப் பங்கு வருடத்துக்கு 72,000. கிராஜுவிட்டிக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், ஏறக்குறைய 28,800. ஆக வருடத்துக்கு 13 லட்சம். இவரே 1.4 லட்சத்துக்கு கான்ட்ராக்டில் போகிறார். டெய்லி ரேட் என்பதால் வராத நாளுக்குக் காசு கிடையாது. தீபாவளி, பொங்கல், காய்ச்சல் எல்லாம் கைக்காசில்தான். வருடத்துக்கு 25 நாள் போனால் 1.6 லட்சம் குறையும். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது அமைய இரண்டு மாதம் ஆனால் இன்னும் 2.8 லட்சம். 16.8 லட்சத்தில் மிஞ்சுவது 12.4. இடைவெளியே விழாத வருடத்தில் 15.2 நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த வருடம் இடைவெளி விழும் என்பதை முடிவு செய்வது இவரல்ல, கிளையன்ட்.

இதில் மருத்துவக் காப்பீட்டை இன்னும் சேர்க்கவே இல்லை. கம்பெனியின் குரூப் பாலிசியில் சர்க்கரை நோயுள்ள அப்பாவைச் சேர்த்தால் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. அதே அப்பாவுக்குத் தனியாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருக்கச் சொல்லலாம். அந்த மூன்று வருடத்துக்கான ஆஸ்பத்திரிச் செலவு எந்தச் சதவீதத்தில் அடங்கும் என்று கட்டுரையாளர்தான் சொல்லவேண்டும்.

வரியில் மிச்சம் என்கிறார். தொழில்முறை வருமானத்தில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டும் வசதி உண்டு, உண்மைதான். ஆனால் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறையில் 12.75 லட்சம்வரை சம்பளம் வாங்குகிறவருக்கும் வரி இல்லை. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

அடுத்தது சட்டம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் கான்ட்ராக்ட்காரருக்கும் ஒரே வருடத்தில் கிராஜுவிட்டி என்று அடித்துச் சொல்கிறார். படித்துவிட்டுச் சொன்னாரா, வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொன்னாரா தெரியவில்லை. அந்தச் சலுகை, குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்துபூர்வமாக நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்ட ஊழியருக்கு. இவர் மெச்சுகிற வழியோ மாதா மாதம் இன்வாய்ஸ் அனுப்பி, 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தது போக மீதியை வாங்கும் கன்சல்டன்ட் வழி. அங்கே அவர் ஊழியரே இல்லை, வெறும் வெண்டர். கிராஜுவிட்டி, பி.எஃப்., பேறுகால விடுப்பு என்ற பேச்சே அங்கே எழாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்திருக்கிறார்.

நிரந்தர ஊழியரையும்தானே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது அவருடைய பெரிய அஸ்திரம். அனுப்புகிறார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அது தலைப்புச் செய்தியானது, தொழிற்சங்கங்கள் எதிர்ப்புக் காட்டின. அதே சமயம் எத்தனை கான்ட்ராக்ட்காரர்களுக்கு எக்ஸ்டென்ஷன் இல்லை என்று ஒற்றை மெயில் போயிருக்கும்? அதை எந்தப் பத்திரிகை எழுதும்? ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். 2015 ஜனவரியில் அதே கம்பெனி ஒரு கர்ப்பிணி ஊழியரை வேலையை விட்டு அனுப்பியபோது, அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். கம்பெனி பணிநீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஐ.டி. ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. போதாத பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றப் படியேற அந்தப் பெண்ணுக்கு ஊழியர் என்ற தகுதி இருந்தது. கன்சல்டன்டாக இருந்திருந்தால்? 30 நாள் நோட்டீஸ் என்று தானே கையெழுத்திட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிவில் கோர்ட்டில் நிற்க வேண்டியதுதான். கூரை ஒழுகுகிறது என்பதற்காகக் கூரையையே பிரித்துப் போடச் சொல்கிறார் நம்மவர்.

கான்ட்ராக்டே கூடாது என்பதல்ல என் வாதம். அரிய திறமையும் ஒரு வருடச் செலவுக்குக் கையிருப்பும் உள்ளவர், இரண்டு மடங்குக்குக் குறையாமல் பேசி வாங்க முடிந்தால் தாராளமாகப் போகலாம். நாற்பது சதவீதத்துக்குப் போவது, கம்பெனி சுமக்கவேண்டிய நஷ்டபயத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி நம் வீட்டில் இறக்கி வைப்பது. கம்பெனிகள் ஏன் இத்தனை ஆசையாக கான்ட்ராக்டுக்கு ஆள் தேடுகின்றன என்று ஒரு வரியாவது யோசித்தாரா?

இவ்வளவு தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை கட்டுரையின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. மனைவி அரசுடைமை வங்கியில் அதிகாரியாம். வீட்டுக் கடன் அவர் பெயரில், அதுவும் ஊழியர் சலுகை வட்டியில். குடும்பத்தின் மருத்துவச் செலவும் அவருடைய வேலையின் வழியாகத்தான். போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சுதந்திரத்தின் பெருமைக்குத் திரும்பிவிடுகிறார். ஒரு நிரந்தர வேலையின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஒரு நிழல் இல்லாதவர்களைக் கோழைகள் என்று அழைத்திருக்கிறார். அடுத்த கட்டுரை எழுதுவதாக இருந்தால், தன் இன்வாய்ஸோடு அந்த அம்மாவின் சம்பளச் சீட்டையும் சேர்த்து அச்சிடட்டும்.