வேலி மட்டும் போதுமா?

அரிய செடி ஒன்றைக் காக்க வேண்டுமெனில் நாம் முதலில் என்ன செய்வோம்? சுற்றிலும் வேலி அடைப்போம். எவரும் உள்ளே வரலாகாது என்று பலகை நாட்டுவோம். கடமை முடிந்ததென்று வீடு திரும்புவோம். ஆனால் அவ்வேலிக்குள்ளேயே செடி மெல்ல மடிந்து போகவும் கூடும். இங்கிலாந்து நாட்டுக் காட்டு ஆர்க்கிட் மலர்களின் வரலாறு இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

அந்நாட்டின் தென்பகுதியில் சுண்ணாம்புக் குன்றுகள் பல உள்ளன. அவற்றின் மண் ஆழமற்றது, சத்துக் குறைந்தது. அத்தகைய ஏழை மண்ணையே ஆர்க்கிட் இனங்கள் பல நாடுகின்றன. நூற்றாண்டுக் கணக்காக ஆடுகளும் முயல்களும் புல்லை ஒட்ட மேய்ந்து வந்தமையால், இச்சிறு செடிகளுக்கும் கதிரவன் ஒளி தடையின்றிக் கிட்டியது.

1953-ஆம் ஆண்டில் 'மிக்சோமடோசிஸ்' என்னும் கொள்ளைநோய் அந்நாட்டு முயல்களைப் பற்றியது. சில ஆண்டுகளுக்குள் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை மாண்டன. ஆட்டு மந்தைகளோ முன்னரே குறைந்திருந்தன. பயிர் தப்பியதென உழவர் மகிழ்ந்தனர். ஆனால் மேய்வன இன்மையால் புல் ஓங்கியது, முட்புதர்கள் மண்டின, அவற்றின் நிழலில் ஆர்க்கிட்கள் நலிந்தன. அவற்றை எவரும் பறிக்கவில்லை, எவரும் மிதிக்கவில்லை. கவனிப்பார் இல்லாமையே கேடாக முடிந்தது.

'போர்வீரன் ஆர்க்கிட்' என்றோர் இனம் உண்டு. அதன் பூ, தலைக்கவசம் அணிந்த சிறு மனிதனைப் போல் தோன்றும். இங்கிலாந்தில் அது அற்றுப்போயிற்றென்றே கருதப்பட்டு வந்தது. 1947-ஆம் ஆண்டு மே மாதம், லௌஸ்லி என்னும் வங்கி அலுவலர் பக்கிங்காம்ஷயர் பகுதிக்கு உல்லாசமாகச் சென்றபோது அதனை மீண்டும் கண்டார். தாவர ஆராய்ச்சியில் தேர்ந்த அவர், பறிப்போருக்கு அஞ்சி, இடத்தை வெளியிடாது காத்தார். அவ்விரகசியம் திருடரைத் தடுத்தது. ஆனால் மரநிழலைத் தடுக்க அதனால் இயலுமா? பின்னாளில் புதர்களை வெட்டி ஒளிக்கு வழிவிட்ட பின்னரே செடிகள் பெருகின. இன்று பொதுமக்களும் பூக்கும் பருவத்தில் அங்குச் சென்று கண்டு மகிழலாம்.

இப்பராமரிப்பு எளிதன்று. ஆர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி அது முளைத்து வளராது. முளைத்தபின் பூப்பதற்கோ பல ஆண்டுகள் செல்லும். ஆகவே விதை முற்றி உதிர்ந்த பின்னரே புல்லை அறுத்தல் வேண்டும். அறுத்த புல்லை அங்கேயே மக்கவிடாது அப்புறப்படுத்தல் வேண்டும். இல்லையேல் மண் கொழுத்து, முரட்டுப் புற்களே ஓங்கும். இரசாயன உரம் அறவே ஆகாது. கோடையில் கால்நடைகளை விலக்கி, இலையுதிர் காலத்தில் மேய விடுவர். குளிர்காலத்தில் புதர்களைக் களைவர். இவ்வளவும் ஓர் ஆண்டோடு முடிவதன்று. ஆண்டுதோறும் தொடர வேண்டியது.

அன்பர்களே! காத்தல் என்பது கைகட்டி விலகி நிற்பதன்று. எப்பொழுது வெட்டுவது, எப்பொழுது விட்டுவைப்பது என்றறிந்து, சலியாது உழைப்பதே காத்தல். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் இதனை நன்கறிவர்.