ஆளுக்கு ஒரு ரூபாய்

எறையூர் என்றதும் பெரம்பலூர்ச் சீமையைத் தெரிந்தவர்களுக்குச் சர்க்கரை ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். அரவைக் காலத்தில் அந்த வழியாகப் பிரயாணம் செய்கிறவர்கள், முன்னே கரும்பு லாரி, பின்னே கரும்பு லாரி, நடுவே தாம் என்று நெடுநேரம் ஊர்ந்து போக நேரிடும். சென்ற மாதம் நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். என் தாய் மாமா அங்கே இருக்கிறார். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதை நெருங்குகிறது.

வாசற்படி ஏறும்போதே அத்தை ரகசியமாகச் சொன்னாள்: "உங்க மாமா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று நீயாவது கேள்."

கேட்டேன். மாமா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "மாப்பிள்ளை, நாற்பது வருஷமாக நான் ஏழைகளின் கூலியில் ஆளுக்கு ஒரு ரூபாய் குறைத்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்றார்.

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டவள் அவருடைய பேத்தி. கம்ப்யூட்டர் சாஸ்திரம் படிக்கும் கல்லூரி மாணவி. அவள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. தாத்தாவின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள், அவ்வளவுதான்.

அந்த நோட்டின் கதையைச் சொல்ல வேண்டும். 1984-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் 'கிளாஸ்' என்ற பெயரில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். தேசம் முழுவதும் சுமார் 250 பள்ளிகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றில் கம்ப்யூட்டர்களை வைத்துப் பிள்ளைகளுக்கு அந்த வித்தையை அறிமுகம் செய்வது நோக்கம். வைத்த யந்திரம் பி.பி.சி. மைக்ரோ. பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனத்துக்காக ஏகார்ன் கம்பெனியார் 1981 டிசம்பரில் வெளியிட்டது அது. பின்னால் நம் மொஹாலியிலேயே 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதைச் சேர்த்து உருவாக்கினார்கள். ஞாபக சக்தி மொத்தம் 32 கிலோபைட். இன்று பையில் கிடக்கும் டெலிபோனில் ஒரு சின்னப் படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. மாமா அப்போது வேறு ஜில்லாவில் ஒரு பள்ளியில் வேலையாக இருந்தார். பயிற்சிக்குப் போய் 'பேசிக்' பாஷையைக் கற்றுக்கொண்டு வந்தார். கற்ற வித்தையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? ஊரில் தம்பியும் அண்டை அயலாரும் கரும்பு வெட்டுகிறார்களே, அந்தக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினார். வாரக் கணக்குகளைத் தம்பி கடிதத்தில் எழுதி அனுப்புவார். சனிக்கிழமை மத்தியானம் தலைமையாசிரியரின் அனுமதியுடன் அந்தப் புரோகிராமை ஓட்டி, விடையை நோட்டில் பென்சிலால் குறித்து, மறு தபாலில் அனுப்பிவிடுவார் மாமா. வெட்டு ஆட்களுக்குக் கூலி அதன்படிதான் பட்டுவாடா ஆயிற்று.

பேசிக் என்பது 1964 மே 1-ந் தேதி விடியற்காலையில், அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில், கெமனி, கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் பிறப்பித்த பாஷை. கர்ட்ஸ் 2024-ல்தான் காலமானார். விஞ்ஞானம் படிக்காத பிள்ளைகளும் யந்திரத்தோடு பேச வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆசை பலித்தது, அதனாலேயே சங்கடமும் வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் செய்த ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வேண்டிய மாதிரி பேசிக்கை மாற்றிக்கொண்டது. 1978-ல் டேவிட் லீன் என்பவர் இந்தக் கிளைப் பாஷைகளுக்கென்றே ஒரு பெரிய நிகண்டு வெளியிட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பி.பி.சி. மைக்ரோவின் பேசிக்கை எழுதியவர் ஸோஃபி வில்ஸன். பேத்தியின் மடிக் கம்ப்யூட்டரில் இருந்ததோ மைக்ரோஸாஃப்ட் 1991-ல் எம்.எஸ்.டாஸோடு கொடுத்த 'கியூபேசிக்'. பழைய டாஸைப் பாவனை செய்து காட்டும் ஒரு கருவிக்குள் அதை ஓட விட்டிருந்தாள். தாத்தாவின் நோட்டை வரி வரியாக அதில் தட்டெழுதினாள்.

முதலில் யந்திரம் தகராறு செய்தது. திரையில் ஓர் இடத்தில் எழுத்தை வைக்க, பழையதில் முதலில் நெடுக்கு வரிசை எண்ணையும் அப்புறம் படுக்கை வரிசை எண்ணையும் சொல்ல வேண்டும், இரண்டும் சைபரிலிருந்து தொடங்கும். புதியதில் வார்த்தையே வேறு, எண்கள் தலைகீழ், அதுவும் ஒன்றிலிருந்து. மணி அடிக்கும் கட்டளையும் வேறு. இவையெல்லாம் சிரமமே அல்ல. தப்பு என்றால் யந்திரம் உடனே நின்று கூச்சல் போடுகிறது. திருத்திவிட்டு மேலே போகலாம். கூச்சல் போடாத தப்புதான் அபாயம்.

அப்படி ஒன்று எடைக் கணக்கில் இருந்தது. ஒரு லாரியின் எடைக்கு மாமா சிறிய எழுத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார். மொத்த எடைக்கும் அதே பெயர். ஆனால் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. பழைய பேசிக்குக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். கியூபேசிக்குக்கோ ஒரே ஆள். எழுதும்போதே இரண்டையும் ஒரே மாதிரியாக மாற்றியும் வைத்துவிடும், கேட்பதே இல்லை! ஆகவே 'மொத்தத்தோடு இந்த லாரியைக் கூட்டு' என்பது 'இந்த லாரியோடு இந்த லாரியையே கூட்டு' என்று ஆகிவிட்டது. 11,840, 12,310, 12,260 கிலோ என்று மூன்று லாரிகள். மொத்தம் 36,410 வர வேண்டும். வந்ததோ 24,520. கடைசி லாரியின் இரட்டிப்பு. பெண் கெட்டிக்காரி, இதைத் தானே கண்டுபிடித்துப் பெயரை மாற்றினாள். மாற்றியதும் இன்னொரு தடை. பழைய யந்திரத்தில் முழு எண் இருநூறு கோடிக்கு மேல் போகும். கியூபேசிக்கின் சாதாரண முழு எண்ணுக்கு 32,767-க்கு மேல் இடம் கிடையாது. மூன்றாவது லாரி ஏறியதும் 'நிரம்பி வழிகிறது' என்று நின்றுவிட்டது. பெயருக்குப் பின்னால் சதவீதக் குறிக்குப் பதிலாக '&' குறி போட்டதும் சரியாயிற்று.

இவ்வளவும் தேறிய பிறகுதான் அவள் கூலிப் பகுதிக்கு வந்தாள். நோட்டில் தாத்தா பென்சிலால் எழுதியிருந்த பழைய வாரங்களின் தொகைகளை மறுபடியும் கொடுத்து, விடை ஒத்துப் போகிறதா என்று சோதித்தாள். நல்ல வழக்கம், எல்லாரும் செய்வதில்லை. பதினொரு வாரங்களில் ஆறு வாரம் அட்சரம் பிசகாமல் பொருந்தியது. ஐந்து வாரம் பொருந்தவில்லை. பொருந்தாத வாரங்களிலெல்லாம் புதிய யந்திரம் ஆளுக்குச் சரியாக ஒரு ரூபாய் அதிகம் காட்டியது. உதாரணமாக ஒரு வாரம் கூலி மொத்தம் 1,245 ரூபாய், ஆட்கள் 13 பேர். நோட்டில் ஆளுக்கு 95, யந்திரத்தில் 96.

"தாத்தா, நீங்கள் ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டீர்களே!" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். மாமாவுக்கு விளையாட்டாக இல்லை. அந்த ஆட்களில் சிலர் இப்போதும் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறார்கள். ஒருவர் பொங்கல்தோறும் கரும்பும் மஞ்சள் கொத்தும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறவர். 1987-ல் ஒரு ரூபாய்க்கு என்ன வாங்கலாம் என்பதை மாமா எனக்குக் கணக்குச் சொன்னார். அவர் குரல் சரியாக இல்லை.

நான் இரவு அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட விஷயங்களில் எனக்கு ஒன்றும் பெரிய ஸாமர்த்தியம் கிடையாது. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்தியது. "மாமா, பங்கு போட்டதுபோக மிச்சம் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"டீக்கு. ஆளுக்கு முழு ரூபாய்தான். சில்லறை மிஞ்சினால் எல்லாருக்குமாக டீயும் பன்னும். அதற்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேனே. மிச்சம் இருந்தால் மட்டும் காட்டு என்று."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பென்சிலை எடுத்தார். 13-ஐ 96-ஆல் பெருக்கினார். 1,248 என்று எழுதி அடியில் கோடு போட்டார். கூலி மொத்தமே 1,245 தானே? இல்லாத மூன்று ரூபாயை அந்தப் புதிய யந்திரம் எங்கிருந்து கொடுத்தது? 95 வீதம் கொடுத்தால் 1,235. டீக்குப் பத்து ரூபாய். நோட்டின் ஓரத்தில் 'டீ 10' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. மிச்சம் இருந்தால் மட்டும் காட்டு என்று எழுதியிருந்ததனால்தான் கழித்தல் மூன்று வந்தபோது புதிய யந்திரம் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இதுதான். 1,245-ஐ 13-ஆல் வகுத்தால் 95.77 சொச்சம் வருகிறது. இதை முழு எண்ணாக வைத்துக்கொள் என்றால் பி.பி.சி. பேசிக் பின்னத்தை வெட்டி எறிந்துவிட்டு 95 என்று வைத்துக்கொள்ளும். கியூபேசிக்கோ பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளி 96 என்று வைத்துக்கொள்ளும். பின்னம் அரைக்குக் கீழே இருந்தால் இரண்டும் ஒன்றுதான். 1,180 ரூபாயை 14 பேருக்குப் பிரித்த வாரத்தில் 84.28, இரண்டு யந்திரமும் 84 என்றன. பதினொன்றில் ஆறு வாரம் பொருந்திய மர்மம் இவ்வளவே. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படி வேறு. 'ஒரு படி அரிசி' என்று கேட்டால் எல்லா ஊரிலும் அர்த்தமாகும். வீட்டுக்கு வந்து சேரும் அரிசி மட்டும் வேறு வேறு. பேசிக்கின் சதவீதக் குறியும் அப்படிப்பட்ட படிதான் போலிருக்கிறது.

மாமா அப்போதே, இரவு பதினொரு மணிக்கு, சாதம் போடச் சொன்னார். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை பேத்தியிடம் விஷயத்தைச் சொன்னோம். பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு அந்த வரியில் 'இன்ட்' என்ற சொல்லைச் சேர்த்து, முதலில் பின்னத்தை வெட்டு, அப்புறம் வைத்துக்கொள் என்று யந்திரத்துக்கு உத்தரவிட்டாள். பதினொரு வாரமும் பொருந்தின. இன்னும் ஒன்று செய்தாள். பி.பி.சி. பேசிக்கே இன்றும் ஜீவித்திருக்கிறது. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் அதை இக்காலக் கம்ப்யூட்டர்களுக்கும் ஆண்ட்ராய்டு டெலிபோனுக்கும் ஏற்றபடி எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். அதை இறக்கிக்கொண்டு, கூலிப் பகுதியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் தட்டெழுதினாள். டெலிபோன் திரையில் 95 என்று வந்தது, கீழே மிச்சம் 10 என்று.

"அப்படியானால் இத்தனை பாடுபட்டு மாற்றியிருக்கவே வேண்டாமே!" என்றேன்.

"மாற்றினதனால்தானே தாத்தா எதற்காக அப்படி எழுதினார் என்று தெரிந்தது, சித்தப்பா" என்றாள். எனக்குப் பதில் ஓடவில்லை.

நோட்டில் கடைசியாக இரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது. அவற்றில் யந்திரத்தின் ஞாபகப் பெட்டியில் இத்தனையாவது இடத்தில் இந்த எண்ணைப் போடு என்கிற மாதிரி வரிகள். அவை அந்த ஒரு யந்திரத்துக்கே பிரத்தியேகமானவை. என்ன செய்தன என்று மாமாவுக்கே ஞாபகம் இல்லை. ஏதோ கர்ஸரை மறைப்பதற்காக இருக்கலாம் என்கிறார். பெண் அவற்றைத் தொடவில்லை.

நான் புறப்படும்போது மாமா நோட்டைத் திறந்து, கூலி வரிக்குப் பக்கத்தில், 1987-ம் வருஷத்துப் பென்சில் எழுத்துக்கு அருகே, 'இன்ட்' என்று பேனாவால் எழுதி அன்றையத் தேதியையும் போட்டுக்கொண்டிருந்தார்.