கோழிக்கு ஸ்ட்ரெஸ் என்றால் கொட்டகையைப் பார்க்கிறார்கள்

சித்திரை பிறந்துவிட்டால் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் எல்லோர் வாயிலும் ஒரு சொல் புழங்கும்: ஹீட் ஸ்ட்ரெஸ். வெயில் 40 டிகிரியைத் தொடும்போது முட்டைக்கோழி அலகைத் திறந்து மூச்சிரைக்கிறது. இறக்கையை விரித்துக்கொள்கிறது. தீனியைக் குறைத்துக்கொள்கிறது. முட்டை சிறுக்கிறது, ஓடு மெலிகிறது. உடனே பண்ணைக்காரர் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பித் தண்ணீர் தெளிக்கிறார். தீனி போடும் நேரத்தை வெயில் தாழ்ந்த வேளைக்கு மாற்றுகிறார். குடிதண்ணீரில் வைட்டமின் சி கலக்கிறார். கோழியிடம் போய், "மனசைத் திடமா வெச்சுக்கோ, மூச்சை நல்லா இழுத்து விடு" என்று யாரும் சொல்வதில்லை. கோழிமேல் உள்ள பாசத்தால் அல்ல. முட்டை குறைந்தால் நட்டம். குறைவதற்குக் காரணம் வெக்கை. ஆகவே வெக்கையைத் தணிக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது.

அதே வட்டாரத்தில் ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதிக்கு மகளிர் தினத்தன்று என்னைப் பேச அழைத்திருந்தார்கள். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். எனக்கு முன்னால் பேசியவர் வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர். இரவு ஷிப்ட் முடித்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அவர் எனர்ஜி பற்றிப் பேசினார். பாசிட்டிவ் வைப்ரேஷன் பற்றிப் பேசினார். நிறுவனத்தின் டி.என்.ஏ. என்றார். குவாண்டம் ஜம்ப் என்றார். ஒவ்வொருவரும் 110 சதவீதம் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஸ்ட்ரெஸ்ஸை மூச்சுக்காற்றோடு வெளியே விடச் சொன்னார். பாதிப் பேர் அப்படியே தூங்கிப்போனார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "எனக்கு ஸ்ட்ரெஸ் எல்லாம் இல்லீங்க டீச்சர். காலுதான் வலிக்குது."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

குவாண்டம் ஜம்ப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. அணுவுக்குள் எலக்ட்ரான் தாவுவது கண்ணுக்கோ கைக்கோ எட்டாத மிகச் சிறிய தாவல். அதைப் பெரும் பாய்ச்சல் என்று ஒருவர் எண்ணிக்கொண்டால் நட்டம் அவருடைய அறிவுக்கு மட்டும். என் கோபம் வேறு மூன்று சொற்கள்மீது: ஸ்ட்ரெஸ், ரெசிலியன்ஸ், எஃபிஷியன்சி. மூன்றும் என் வகுப்பறையிலிருந்து எடுத்துப்போனவை. எடுத்துப்போனவர்கள் சொல்லை மட்டும் கொண்டுபோனார்கள். அதன் அலகை, அதன் எல்லையை, அதன் மறுபக்கத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டார்கள். அப்படி விடப்பட்டது முழுக்கப் பெண்களின் தலையில் வந்து விழுகிறது.

முதலில் ஸ்ட்ரெஸ். தமிழ்ப் பாடநூலில் இதற்குத் தகைவு என்று பெயர். ஒரு பொருளின்மீது செயல்படும் விசையை அதைத் தாங்கும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. அதனால் பொருளில் ஏற்படும் உருமாற்றத்துக்குத் திரிபு என்று வேறு பெயர். சுமை ஒரு பக்கம், சுமந்ததால் நேர்ந்தது இன்னொரு பக்கம். இரண்டையும் குழப்பினால் பதினோராம் வகுப்பிலேயே மதிப்பெண் போய்விடும். தகைவைக் குறைக்க வழியும் அந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது: சுமையைக் குறை, அல்லது தாங்கும் பரப்பைக் கூட்டு. ஆலை மொழியில் சொன்னால், ஒருத்தி பார்க்க வேண்டிய கதிர்களைக் குறை, அல்லது இன்னும் நாலு பேரை வேலைக்கு எடு.

இந்தச் சொல்லை உயிரியலுக்குள் கொண்டுவந்தவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மாண்ட்ரியலில் இருந்துகொண்டு 1936-இல் வெளியிட்ட ஆய்வோடு அந்த வேலை தொடங்குகிறது. சுமைக்கு உடல் காட்டும் எதிர்வினைக்கு அவர் ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். நியாயமாக அதற்குத் திரிபு என்றுதான் பெயர் வந்திருக்க வேண்டும். பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். சுமையைக் குறிக்க ஸ்ட்ரெஸ்ஸர் என்று இன்னொரு சொல்லையும் உண்டாக்கினார். அறிவியலாளர் செய்த பிழை அது, திருத்திக்கொள்ளவும் முயன்றார். நிர்வாகத்துக்கோ அந்தப் பிழைதான் வசதியாக இருந்தது. சுமையின் பெயர் சுமப்பவளின் நிலைக்குப் பெயராகிவிட்டால் சுமை கண்ணிலிருந்து மறைந்துவிடும். "உன் ஸ்ட்ரெஸ்" என்று சொல்லலாம். "நான் உன்மேல் ஏற்றியது" என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் நாம் இன்னும் ஒரு படி மேலே போனோம். ஸ்ட்ரெஸ்ஸை மன அழுத்தம் என்று மொழிபெயர்த்தோம். அழுத்துவது எது என்று அந்தச் சொல்லில் இல்லை. அழுந்துவது மனம் என்று மட்டும் இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்ற கால், பஞ்சுத்தூசி அடைத்த நெஞ்சு, ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டு நின்ற அடிவயிறு எல்லாம் சேர்ந்து மனம் என்ற ஒரே முகவரிக்குப் போய்விட்டன. அந்தப் பெண் தன்னையறியாமல் இந்த மொழிபெயர்ப்பைத்தான் திருத்தினாள். காலுதான் வலிக்குது.

அடுத்தது ரெசிலியன்ஸ். மீள்திறன், மீண்டெழும் ஆற்றல் என்று அழகழகான பெயர்களில் இது பயிற்சிக் கூடங்களில் உலவுகிறது. பொறியியலில் இதன் பொருள், நிரந்தரமாக உருக்குலையாமல் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கும் என்பது. அந்த வரையறைக்குள்ளேயே ஓர் எல்லை இருக்கிறது: மீட்சி எல்லை. அதைத் தாண்டினால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது. எல்லைக்குள் இருந்தாலும், மீண்டும் மீண்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் உலோகமும் சோர்ந்து ஒருநாள் அறுந்துபோகும். எல்லையைச் சொல்லாமல் மீள்திறனைப் பற்றி மட்டும் பேசும் பொறியாளர் கட்டிய பாலத்தில் நான் ஏற மாட்டேன். பெண்களை மட்டும் அந்தப் பாலத்தில் ஏற்றுகிறார்கள். இல்லை, பெண்களையே பாலமாக்குகிறார்கள்.

பள்ளிபாளையத்து விசைத்தறிப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத் தவணைக் குழுக்கடன் அங்கே வீட்டுக்கு வீடு. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். மேடையில் இந்தப் பெண்களின் மீள்திறனைப் புகழ்கிறார்கள். தவணை தவறிய மறுநாள் வங்கி மொழியில் இன்னொரு சொல் வருகிறது: ஸ்ட்ரெஸ்டு அசெட், அழுத்தத்துக்குள்ளான சொத்து. கவனியுங்கள், இப்போது ஸ்ட்ரெஸ் பெண்ணுக்கு இல்லை, கடன் புத்தகத்துக்கு! வாசலில் வந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்பதற்கு அந்த மொழியில் சொல்லே கிடையாது. கடன் வசூலில் நடக்கும் வன்செயல்களைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில், பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. அரசு விசாரித்தது, உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. கம்பி எங்கே அறுந்தது என்று கேட்பவர்களுக்கு அதுதான் இடம்.

மூன்றாவது எஃபிஷியன்சி, பாடநூலில் பயனுறுதிறன். வெளியே வந்த பயனுள்ள வேலையை உள்ளே கொடுத்த ஆற்றலால் வகுக்க வேண்டும். விடை ஒருபோதும் ஒன்றைத் தாண்டாது. ஒரு மாணவி 110 சதவீதம் என்று விடை எழுதினால் நான் தாளில் சிவப்பு மையால் எழுதுவது ஒன்றுதான்: உள்ளீட்டில் எதையோ எண்ணாமல் விட்டிருக்கிறாய், மறுபடி பார்.

அந்தப் பயிற்சியாளரின் 110 சதவீதத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? தூக்கத்திலிருந்து வந்தது. விடுதிக்கு வருமுன் 17, 18 ஆண்டுகள் அவளுக்குச் சோறு போட்டு வளர்த்த தாயின் உழைப்பிலிருந்து வந்தது. மணமாகி வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறவள் என்றால், விடியுமுன் எழுந்து வைத்த உலையிலிருந்தும் பிடித்த தண்ணீரிலிருந்தும் வந்தது. 2024-ஆம் ஆண்டுக்கான தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஆலையின் எஃபிஷியன்சி பலகையில் இந்த 289-க்குக் கட்டம் இல்லை. நாமக்கல் கோழிக்கு நாளுக்கு எத்தனை கிராம் தீனி, எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்று நோட்டில் கணக்கு உண்டு. கோழி என்ன தின்று முட்டையிட்டது என்று எழுதத் தெரிந்த ஊருக்கு, பெண் எதைத் தின்று நூல் நூற்றாள் என்று எழுதத் தெரியவில்லை.

இந்தக் கணக்குப் பிழையின் உச்சம் சுமங்கலித் திட்டம். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி உழை, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் ஏழை வீட்டுப் பெண்களை, அதிலும் தலித் பெண்களைப் பெருமளவில், சேர்த்தார்கள். பிடித்துவைத்த கூலி, மிகை வேலை நேரம், வெளியே போகத் தடை என்று 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ உள்ளிட்ட இரு அமைப்புகளின் அறிக்கை பட்டியலிட்டது. நடுவில் ஓடிப்போன பெண்களை நிர்வாக மொழி அட்ரிஷன் என்று எழுதுகிறது. அட்ரிஷன் என்றால் உரசித் தேய்தல். எது எதனோடு உரசித் தேய்ந்தது என்று மட்டும் எழுதுவதில்லை.

இது நம்மூர்ப் பயிற்சியாளர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. மேலாண்மை தன்னை அறிவியல் என்று அழைத்துக்கொண்ட முதல் நாட்களிலேயே தொடங்கிவிட்டது. 1911-இல் ஃபிரெடெரிக் டெய்லர் எழுதிய அறிவியல்வழி மேலாண்மை நூலில் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைச் சோதிக்கும் பெண்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. கண்ணால் பார்த்துப் பழுதான குண்டைப் பொறுக்கும் வேலை. யாருடைய கண்ணும் கையும் வேகம் என்பதைப் பர்சனல் கோஎஃபிஷியன்ட் என்று பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துச் சொல்லால் அளந்தார்கள். வேகம் குறைந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் பலர் மிகுந்த அறிவும் உழைப்பும் நம்பகமும் கொண்டவர்கள் என்று டெய்லரே ஒப்புக்கொள்கிறார். முடிவில் 120 பேர் பார்த்த வேலையை 35 பேர் பார்த்தார்கள். மிஞ்சியவர்களுக்கு நேரம் குறைந்தது, கூலி கூடியது, உண்மைதான். போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது எஃபிஷியன்சிக் கணக்கில் வராது.

இந்த அளவைக்கு மூதாதை வானியலில் இருக்கிறது. 1796-இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் மாஸ்கலைன் தன் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். விண்மீன் கடக்கும் நேரத்தை அவர் 0.8 நொடி தள்ளிக் குறித்தார் என்பது குற்றம். சில பத்தாண்டுகள் கழித்துப் பெஸல் என்ற ஜெர்மானிய வானியலாளர் சோதித்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது: ஒவ்வொரு மனிதரின் கண்ணுக்கும் அப்படி ஒரு வேறுபாடு உண்டு, அது குற்றமல்ல. அதன்பின் வானியல் அந்த வேறுபாட்டை அளந்து கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஆளைத் திருத்தவில்லை, கணக்கைத் திருத்தியது. அறிவியல் தன் தவற்றிலிருந்து கற்றது இது. ஆலை அந்த அளவையை எடுத்துக்கொண்டு பாடத்தைத் தலைகீழாக்கியது. வேறுபாட்டை அளந்து ஆளைக் கழித்தது.

கணக்கைத் திருத்தாமல் ஆளைத் திருத்தும் இந்த வழக்கம் எதுவரை போகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் 2019-இல் தமிழக ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்றால் ஓய்வு கிடையாது, பெயர் ஒட்டாத மாத்திரை கொடுக்கிறார்கள் என்றார்கள் அந்தப் பெண்கள். வேலை நேரத்தைத் திருத்தவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதுபோல் உடம்புக்கு மாத்திரை விட்டார்கள்.

"வெறும் உருவகத்துக்கு ஏன் இத்தனை கோபம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சொற்கள் ஊர்விட்டு ஊர் போவதில் எனக்கு மறுப்பில்லை. "மனசு உருகிப்போச்சு" என்று என் அம்மா சொன்னபோது உருகுநிலை எத்தனை டிகிரி என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை வைத்து அவர் யாருடைய கூலியையும் பிடிக்கவில்லை. அளப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. அளந்துதான் ஆக வேண்டும் என்கிறேன். அறிவியலின் பெயரைச் சொல்லி ஓர் ஆணையிட்டால், அறிவியலின் விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவியரில் பலர் நாளை இதே வட்டாரத்து ஆலைகளில், வங்கிகளில், மனிதவளத் துறைகளில் உட்காரப்போகிறீர்கள். சிலர் அந்தப் பயிற்சியாளரின் இடத்திலேயே நிற்பீர்கள். இப்படி ஒரு சொல் உங்கள் முன்னால் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் அலகு என்ன? இதன் எல்லை எது? இதன் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்? ஸ்ட்ரெஸ் என்றால் சுமை எவ்வளவு, ஏற்றியது யார் என்று கேளுங்கள். மீள்திறன் என்றால் எத்தனை ஷிப்ட் வரை என்று கேளுங்கள். எஃபிஷியன்சி என்றால் உள்ளீட்டில் எதையெல்லாம் எண்ணினீர்கள் என்று கேளுங்கள். பதில் வராது, வராத இடத்தைக் குறித்து வையுங்கள்.

அன்று என் முறை வந்தபோது நான் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. தூங்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. அவர்களிடம் அல்ல, முன்வரிசையில் விழித்துக்கொண்டிருந்த நிர்வாகத்திடம். அந்தப் பெண்ணுக்கு ரிங் பிரேம் பக்கத்தில் உட்கார ஒரு முக்காலி போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.