அமீனா திரும்பி வந்த கதை

பங்காளிச் சண்டையோ கொடுத்த கடனோ, ஊர்ப் பெரியவர்களால் தீராதபோது ஒருவர் முன்சீப் கோர்ட்டின் படியேறுகிறார். வக்காலத்தில் கையொப்பமிட்டு, வாய்தாவுக்கு வாய்தா நடந்து, தலை நரைத்த பின் வெற்றி பெறுகிறார். உறவினர் வாழ்த்துகின்றனர். வழக்கறிஞர் மட்டும் தணிந்த குரலில் சொல்கிறார்: "இனி இ.பி. போடவேண்டும்." நிறைவேற்றுதல் மனு என்னும் அந்தச் சொல்லின் பொருள் அவருக்கு அன்றுதான் விளங்குகிறது.

இந்தியாவில் வழக்காடுபவரின் இன்னல் தீர்ப்பாணை கிடைத்த பின்னரே தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் 1872ஆம் ஆண்டிலேயே சுட்டியது. ஆட்சி மாறிற்று, அந்நிலை மாறவில்லை. தமிழகத்து நில வழக்கொன்றில் 1980இல் எழுதிய கிரய ஒப்பந்தத்துக்கு 1986இல் தீர்ப்பாணை கிடைத்தது. நிலத்தை ஒப்படைக்கும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. தேங்கிய நிறைவேற்றுதல் மனுக்களை ஆறு மாதங்களில் முடிக்கவேண்டும் என்றும் அப்போது அது பணித்தது. ஆறு மாதங்களில் 3.38 லட்சம் மனுக்கள் முடிந்தன, 8.82 லட்சம் எஞ்சின. அவற்றுள் தமிழ்நாட்டின் பங்கு 86,000க்கும் மேல்.

தாமதம் எங்கே பிறக்கிறது? நீதிமன்ற ஊழியரான அமீனா ஆணையுடன் வாயிலில் நிற்கிறார். உள்ளிருந்து, வழக்கில் பெயரே இல்லாத ஒருவர் வெளிவருகிறார். தாம் குடியிருப்பவர் என்கிறார். அல்லது தோற்றவரிடமிருந்து கிரயம் பெற்றவர் என்கிறார். அமீனா திரும்பிவிடுகிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளைப்படி ஆட்சேபனை விசாரணை தொடங்குகிறது. இதற்கெனத் தனி வழக்கு வேண்டாம், நிறைவேற்றும் நீதிமன்றமே தீர்க்கட்டும் என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது, நல்ல நோக்கம்தான். ஆனால் அங்கே பிறக்கும் உத்தரவும் தீர்ப்பாணைக்கு நிகர் என்பதால் மேல்முறையீட்டுக்கு உரியது. வழக்கு நடக்கையில் வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று 102ஆம் விதி ஐயமறக் கூறுகிறது. அதை எடுத்துரைக்கவும் ஒரு மனு, ஓர் எதிருரை, ஒரு வாய்தா. தோற்றவருக்கு இதில் நட்டம் ஏதுமில்லை. விளைச்சலோ வாடகையோ அவர் கைக்கே போகிறது.

ஆட்சேபிப்போர் அனைவரும் பொய்யர் என்று யாம் கூறவில்லை. உண்மையான குத்தகைதாரரை, அவர் சொல்லைக் கேளாமலே, வயலிலிருந்து இறக்கிவிடுவது நீதியாகாது. அவரை எப்போது கேட்பது என்பதே கேள்வி. 2021இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்திருக்கிறது: சொத்தில் மூன்றாமவர் உரிமை உண்டா என வழக்கின் தொடக்கத்திலேயே கட்சிக்காரர்களை விசாரிக்கலாம், தேவையெனில் ஆணையரை அனுப்பிச் சொத்தின் அளவையும் நிலையையும் பதிவுசெய்யலாம். அதே தீர்ப்பு விதித்த ஆறு மாதக் கெடுவைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எம் நோக்கில் கெடுவைவிடப் பெரியது இந்த முன்விசாரணையே. முதல் மாதத்தில் கேட்கவேண்டிய கேள்வியை இருபதாம் ஆண்டில் கேட்டால், கெடு என்ன செய்யும்?

கெடுவில் வேறோர் இடரும் உண்டு. முடிக்கப்பட்ட மனுக்களின் தொகையில் நிலம் கைமாறியதும் சேரும்; ஏதோ குறைகாட்டித் தள்ளுபடி செய்யப்பட்டதும் சேரும். பதிவேட்டில் இரண்டும் ஒன்றே. தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரச் சட்டம் தரும் காலமோ 12 ஆண்டுகள். தள்ளுபடியான மனுவைத் திருத்தி மீண்டும் போடும் முதியவருக்கு அந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் கணக்கில், எத்தனை மனுக்கள் முடிந்தன என்பதோடு, எத்தனை வீடுகளின் சாவி வென்றவர் கையில் சேர்ந்தது என்பதும் தனியே இடம்பெறவேண்டும்.