மெசேஜ் க்யூ வாங்குவதும் கணக்குப் பாடம்தான்

மெசேஜ் க்யூ என்றதும் பி.காம் மாணவர்கள் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். அது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களின் தலைவலி என்று ஒரு நினைப்பு. ஆனால் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போவதும், வேண்டாம் என்று நினைத்தாலும் விட முடியாமல் வருஷா வருஷம் ஒரே கம்பெனிக்கு உரிமக் கட்டணம் கட்டுவதும் இந்த க்யூவைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் தவறால் நடக்கக்கூடியவை. இரண்டும் கடைசியில் வந்து விழுகிற இடம் கணக்குப் பிரிவு!

சரி, அது என்ன? ஒரு பெரிய நிறுவனத்தில் விற்பனைக்கு ஒரு மென்பொருள், சரக்கிருப்புக்கு இன்னொன்று, கணக்குக்கு வேறொன்று, சம்பளத்துக்குத் தனியாக ஒன்று இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொருவரிடம் வாங்கியது. இவற்றை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கப் போனால் பத்து மென்பொருளுக்கு 45 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஒரு புரோக்கரை வைத்தால் பத்தே போதும். விற்பனை மென்பொருள் 'பில் போட்டாச்சு' என்ற செய்தியைப் புரோக்கரிடம் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். கணக்கு மென்பொருள் அரை மணி நேரம் படுத்துவிட்டாலும் செய்தி வரிசையில் காத்திருக்கும். (புரோக்கர் என்றதும் தரகுக் கமிஷன் ஞாபகம் வருகிறதா? இவர்களில் சிலர் அதையும் வேறு பெயரில் வாங்குவார்கள் :-) )

இப்போது எந்தப் புரோக்கர் என்ற கேள்வி. ஐபிஎம் எம்க்யூ, ராபிட்எம்க்யூ, ஆக்டிவ்எம்க்யூ, காஃப்கா என்று பட்டியல் நீளமானது. ஒப்பிட உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "ஒரு நொடிக்கு எத்தனை செய்தி?" என்பதைத்தான். இது பெரும்பாலான நிறுவனங்களுக்குத் தேவையில்லாத கேள்வி. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பில் போடுகிற நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலைக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு மூன்றரை பில். ஒரு பில்லுக்குப் பத்து செய்தி பிறந்தாலும் நொடிக்கு 35. மேலே சொன்ன எந்தப் புரோக்கரும் ஒரு சாதாரணக் கணினியில் இதைச் செய்துவிடும். லட்சக்கணக்கில் வேகம் காட்டும் அட்டவணைகளைப் பார்த்து முடிவெடுப்பது, தெருமுனைக் கடைக்குப் போய்வர ரேஸ் கார் வாங்குவது மாதிரி.

முதலில் கேட்க வேண்டியது, "இதை விட்டு வெளியே போக எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். இதை உலகுக்குப் பெரிதாகக் கேட்டுக் காட்டியது ஒரு மென்பொருள் கம்பெனி அல்ல, ஒரு வங்கி!

ஐபிஎம் 1993-ல் எம்க்யூசீரீஸ் என்ற பெயரில் தன் புரோக்கரைக் கொண்டுவந்தது. 2002-ல் வெப்ஸ்ஃபியர் எம்க்யூ, 2014 முதல் ஐபிஎம் எம்க்யூ என்று பெயர்தான் மாறியது, சரக்கு அதே வம்சம். டிப்கோ போன்ற போட்டியாளர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்த மொழி, ஒருவரின் புரோக்கரோடு மற்றவருடையது நேரடியாகப் பேசாது. சன் நிறுவனம் 1998-ல் ஜேஎம்எஸ் என்ற பொது விதியை வெளியிட்டது. ஆனால் அது ஜாவா புரோகிராம் எழுதுகிறவர் புரோக்கரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதற்கு மட்டும்தான் விதி. கம்பிக்குள் போகும் செய்தியின் வடிவம் அவரவர் இஷ்டம். எல்லா வங்கிகளும் செக்கை ஒரே மாதிரி அச்சடித்துவிட்டு, ஒரு வங்கிச் செக்கை இன்னொரு வங்கி வாங்காது என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

2003-ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் இருந்த ஜான் ஓ'ஹாரா, க்ளியரிங் ஹவுஸ் மாதிரியான ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். அதுதான் ஏஎம்க்யூபி. யார் தயாரித்த மென்பொருளாக இருந்தாலும் மின்னஞ்சல் பரிமாறிக்கொள்ள முடிகிறதே, அதைப் போல யார் தயாரித்த புரோக்கரோடும் பேச முடிய வேண்டும் என்பது எண்ணம். ஐமேட்டிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் முதல் புரோக்கரை எழுதிக் கொடுத்தது. சிஸ்கோ, ரெட் ஹேட் போன்றவர்கள் சேர்ந்தார்கள், பின்னால் கோல்ட்மேன் சாக்ஸும் மைக்ரோசாஃப்ட்டும் வந்தன. 2007-ல் இதை வைத்தே ராபிட்எம்க்யூ பிறந்தது. வாடிக்கையாளரே விதி எழுதி, விற்பவர்களை அதற்குள் வரவைத்த கதை இது. மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய உதாரணம்.

அப்புறம் சுபமா? அதுதான் இல்லை. 2011-ல் வந்த ஏஎம்க்யூபி 1.0, அதற்கு முந்தைய 0-9-1-லிருந்து கிட்டத்தட்ட வேறு மொழியாகவே இருந்தது. ராபிட்எம்க்யூ பழைய 0-9-1-லேயே நின்றுகொண்டு, 1.0-ஐ ஒரு கூடுதல் செருகலாக மட்டும் வைத்திருந்தது. 2024-ல் வந்த 4.0 பதிப்பில்தான் அதை உள்மொழியாக ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று வருஷம்! இடைப்பட்ட காலத்தில் "ஏஎம்க்யூபி உண்டா?" என்று கேட்ட வாடிக்கையாளருக்கு இரண்டு விற்பனையாளர்களும் "உண்டு" என்று தலையாட்டியிருக்கலாம், இரண்டு புரோக்கரும் பேசிக்கொள்ளாமலும் இருந்திருக்கலாம். ஆகவே பெயரைக் கேட்டால் போதாது, பதிப்பு எண்ணையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

"இலவசமாகத்தான் ராபிட்எம்க்யூ இருக்கிறதே, எதற்கு ஐபிஎம்முக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். இலவசம் என்பது உரிமக் கட்டணம் மட்டும்தான். ராபிட்எம்க்யூவின் முதலாளி 2010, 2013, 2019, 2023 என்று நான்கு முறை மாறியிருக்கிறார் (விஎம்வேரின் ஸ்பிரிங்சோர்ஸ், பிவோட்டல், மறுபடி விஎம்வேர், இப்போது பிராட்காம்). மூல நிரல் திறந்திருப்பதால் யாரும் நடுத்தெருவில் நிற்கவில்லை, அது உண்மை. ஆனால் செய்திகளுக்கு நகல் எடுத்து வைக்கும் பழைய முறையை 4.0-ல் எடுத்துவிட்டார்கள். புதிய முறை 2019-லேயே வந்துவிட்டது என்றாலும், மாறாமல் தள்ளிப்போட்டவர்கள் உட்கார்ந்து மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஆட்களின் சம்பளமும் புரோக்கரின் விலையில் சேர்த்திதான்.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். மெயின்ஃபிரேம் வைத்திருக்கிற ஒரு வங்கி, ஐபிஎம் எம்க்யூவுக்குப் பணம் கட்டுவது முட்டாள்தனம் அல்ல. செய்தியை எடுப்பதையும் டேட்டாபேஸில் பதிவதையும் ஒரே பரிவர்த்தனையாக, நடந்தால் இரண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இல்லை என்று அதனால் கட்ட முடியும். பற்று எழுதிவிட்டு வரவு எழுதாமல் விடக்கூடாது என்று படித்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

காஃப்கா வேறு ஜாதி. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-ல் வெளியே வந்தது. மற்றவை, எடுத்ததும் காலியாகும் தபால் பெட்டி என்றால், இது குறிப்பேடு. வந்த வரிசையில் எழுதி வைக்கும், படித்தாலும் அழியாது, எவ்வளவு நாள் வைத்திருக்கச் சொல்கிறோமோ அவ்வளவு நாள் இருக்கும். பேரேடு கெட்டுவிட்டால் குறிப்பேட்டிலிருந்து மறுபடி எழுதலாம் அல்லவா, அதே வசதி. தணிக்கைக்கும் நல்லது. ஆனால் நொடிக்கு 35 செய்திக்கு, மற்ற எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகக் காஃப்கா வைப்பது வீம்பு.

எதை வாங்கினாலும் ஒரு ஆபத்து கூடவே வரும். கணக்கு மென்பொருள் செய்தியை எடுத்து, சப்ளையருக்குப் பணம் அனுப்பி, "முடிந்தது" என்று புரோக்கரிடம் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. புரோக்கருக்கு என்ன தெரியும்? வேலை நடக்கவில்லை என்று நினைத்து அதே செய்தியை மறுபடி கொடுக்கும். பணம் இரண்டாவது தடவை போகும். காஃப்கா 2017-ல் 'சரியாக ஒரே முறை' என்ற வசதியைச் சேர்த்தது. ஆனால் அது காஃப்காவுக்குள்ளேயே எடுத்து, காஃப்காவுக்குள்ளேயே எழுதும் வேலைக்குத்தான். வெளியே வங்கிக்குப் போன பணத்தை அது பார்க்காது. ஒவ்வொரு செய்திக்கும் வவுச்சர் எண் மாதிரி ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பணம் போயிருக்கிறதா என்று வாங்குகிற மென்பொருள்தான் பார்க்க வேண்டும். டூப்ளிகேட் வவுச்சரைப் பிடிக்கிற அதே பழைய வேலை.

அதனால் விற்பனையாளர் டெமோ காட்ட வரும்போது கணக்குப் பிரிவிலிருந்தும் ஒருவர் கூட உட்கார வேண்டும். வேக வரைபடம் ஓடி முடிந்ததும், நூறு பில்களைப் போடச் சொல்லி, பாதியில் கணக்கு மென்பொருள் இருக்கும் கணினியின் பிளக்கைப் பிடுங்கச் சொல்ல வேண்டும். மறுபடி மாட்டிய பிறகு பேரேட்டில் எத்தனை பதிவு இருக்கிறது என்று எண்ணட்டும்.